ஜெபத்துக்குள் ஒரு சுட்டுவிரல்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீட்டு ஜெபக்கூட்டங்களில் 'ஜெபக்குறிப்பு' என்று ஒன்று உண்டு. பாட்டும் வேதவாசிப்பும் முடிந்த பிறகு, யாருக்காக என்ன ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மகனின் பரீட்சை, மாமியாரின் முழங்கால் வலி, தள்ளிப்போகும் விசா. இடையில் யாராவது ஒருவருடைய குரல் சட்டென்று தாழும். "ஜெபிக்க வேண்டுமே என்பதற்காகத்தான் சொல்கிறேன், வெளியே போக வேண்டாம்" என்ற முன்னுரையோடு, அன்றைக்குக் கூட்டத்துக்கு வராத ஒரு வீட்டின் கதை முழுவதும் நடுக்கூடத்துக்கு வந்துவிடும். பெண் யாரோடு பேசுகிறாள், தம்பி எங்கே குடிக்கிறான், கடன் எவ்வளவு. கேட்டு முடித்ததும் எல்லாரும் கண்ணை மூடி, "ஆண்டவரே, அந்தக் குடும்பத்தைச் சந்தியும்" என்று உருகுவார்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். ஓரிரு முறை சொன்னவனும்கூட.

தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்காக மட்டும் கடவுளிடம் நீட்டும் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை இதில்தான் கை வைக்கிறது. இரண்டு பேர் ஜெபிப்பதற்காகத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிரிவைச் சேர்ந்தவன். மற்றவன் ஆயக்காரன், வரி வசூலிப்பவன். பரிசேயனின் ஜெபம் நன்றி சொல்லித் தொடங்குகிறது: "நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." இந்த வரியில் என்னை நிறுத்துவது 'இந்த' என்ற சிறிய சொல். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் 'இந்த' என்று சொல்ல வேண்டுமானால், நடுவில் ஒருமுறை கண் பக்கவாட்டில் போயிருக்க வேண்டும். தூரத்தில் நின்ற ஆயக்காரனோ கண்ணை ஏறெடுக்கவே இல்லை. அவன் யாரையும் பார்த்ததாகக் கதையில் இல்லை.

பரிசேயனைக் கெட்டவனாக்கிப் படித்தால் உவமை சப்பென்று போய்விடும். மோசேயின் சட்டம் கட்டாயமாக்கிய உபவாசம் வருடத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாள் மட்டுமே. இவன் வாரத்துக்கு இரண்டு நாள் பட்டினி கிடக்கிறான். சம்பாத்தியம் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறான். எந்தச் சபையிலும் இப்படிப்பட்டவரைப் பொருளாளராகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 'பரிசேயன்' என்ற பெயரைக் கிறிஸ்தவர்கள் வசைச்சொல்லாக்கியது யூதர்களுக்குச் செய்த அநியாயம். உவமைக்குச் செய்த அநியாயமும் அதுதான்: 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப்போல் இல்லை' என்று ஒருவர் நினைத்த நொடியில், ஜெபம் ஆள் மாறி அப்படியே தொடர்கிறது. ஆதிச் சபையே இந்தக் குழியில் விழுந்திருக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அதை ஒட்டியோ எழுதப்பட்ட 'திதகே' என்ற கையேடு, மாயக்காரர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்று சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என்ற கணக்கு மாறவில்லை. கிழமை மட்டும் மாறியது.

ஆயக்காரன் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'ஆயம்' என்றால் சுங்கம். வசூல் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, விதித்ததற்கு மேல் கறந்ததைத் தன் பையில் போட்டுக்கொள்ள வாய்ப்பிருந்த தொழில் அது. ஆளுகிற அந்நியனுக்குச் சொந்த மக்களிடமே பணம் பிடுங்கித் தருபவன் என்ற வெறுப்பு வேறு. அவன் ஏழையும் அல்ல, பலிகடாவும் அல்ல. "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொள்கிறானே தவிர, தொழிலை விடுவதாகவோ பணத்தைத் திருப்பித் தருவதாகவோ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் வரும் சகேயு, ஆயக்காரர்களின் தலைவன், நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். லூக்காவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். தெரிந்தும் வாக்கு எதுவும் கொடுக்காத இவனையே 'நீதிமானாக்கப்பட்டவனாய்' வீட்டுக்கு அனுப்புகிறார். கேட்டவர்களுக்கு இது இனிப்பாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இவனுடைய ஒற்றை வரி ஜெபம் பின்னால் நெடுந்தூரம் பயணம் செய்தது. கிழக்கத்தியத் துறவிகள் அதை, அதே அதிகாரத்தில் எரிகோ வழியோரம் கூவிய குருடனின் குரலோடு சேர்த்துக்கொண்டார்கள். "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற அந்த ஜெபத்தை, மூச்சோடு மூச்சாக நாள் முழுவதும் ஆர்த்தடாக்ஸ் துறவிகள் இன்றும் சொல்கிறார்கள். தவக்காலத்துக்கான ஆயத்த வாரங்களை ஆர்த்தடாக்ஸ் சபைகள் பரிசேயன்-ஆயக்காரன் ஞாயிறோடுதான் தொடங்குகின்றன. அதில் ஒரு குறும்பு உண்டு. வருடத்தின் பெரும்பாலான வாரங்களில் கடைப்பிடிக்கிற புதன், வெள்ளி உபவாசத்தை, அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரத்தில் விட்டுவிடச் சொல்கிறார்கள். 'வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன்' என்று யாரும் அந்த வாரத்தில் சொல்லிக்கொள்ள முடியாது. தவக்காலம் தொடங்கிய பிறகு, சீரியாவின் எபிரேம் பெயரில் வழங்கும் ஜெபத்தைத் தரையில் விழுந்து வணங்கிச் சொல்வார்கள். அதன் கடைசி வேண்டுதல், என் குற்றங்களை நான் காணவும் என் சகோதரனைத் தீர்ப்பிடாதிருக்கவும் அருளும் என்பது.

தீர்ப்பிடாதே என்றால் என்ன? மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் முதல் வசனம்தான் அநேகமாக வேதாகமத்திலேயே அதிகமாகக் கையாடப்பட்ட வசனம். திருடியவன், அடித்தவன், காணிக்கைக் கணக்கில் கைவைத்தவன் எல்லாரும் கேள்வி வரும்போது எடுத்து நீட்டுவது அதைத்தான். பாதிக்கப்பட்டவளை வாயடைக்கவும் அது பயன்பட்டிருக்கிறது. வசனத்தை அடுத்து வரும் துரும்பு, உத்திர உவமையைக் கடைசி வரை படித்தால் இந்தச் சாக்கு நிற்காது. முதலில் உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் இயேசு முடிக்கிறார். துரும்பு துரும்புதான்; அதை எடுத்தாக வேண்டும். யோவான் சுவிசேஷத்தில் 'தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்' என்றும் அவரே சொல்கிறார். இந்த இடங்களில் வரும் கிரேக்க வினைச்சொல்லுக்குப் பகுத்தறிவது முதல் தண்டனைத் தீர்ப்பு எழுதுவது வரை நீண்ட பொருள் உண்டு. தடுக்கப்பட்டிருப்பது அந்த நீளத்தின் கடைசி முனை என்பது என் வாசிப்பு. நடந்தது தவறு என்று சொல்லலாம், போலீசுக்கும் போகலாம். அந்த ஆளின் கணக்கை ஒரேயடியாக மூடுவதற்கு மட்டும் நமக்கு அதிகாரம் இல்லை.

இதை வாதமாகச் சொல்வதைவிட எகிப்தியப் பாலைவனத் துறவிகள் நன்றாக நடித்துக் காட்டினார்கள். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய வாதி நத்ரூன் பகுதியிலிருந்த ஸ்கேத்திஸில், ஒரு சகோதரன் தவறு செய்துவிட்டான். விசாரணைக்கு மூத்தவர்கள் கூடினார்கள். 'அப்பா' என்ற பட்டத்தோடு அழைக்கப்பட்ட மோசே என்ற மூத்த துறவி மட்டும் வரவில்லை. இவர் கறுப்பு நிறத்தவர், ஒருகாலத்தில் கொள்ளைக்காரராக இருந்தவர். ஆள் அனுப்பி வற்புறுத்தியதும், ஓட்டைக் குடம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். இது என்ன என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரிவதில்லை; இன்று இன்னொருவனின் குற்றத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்றார். விசாரணை அதோடு நின்றது. பேசாரியோன் என்ற மற்றொரு துறவி, பாவம் செய்த சகோதரனைக் குருவானவர் கோயிலைவிட்டு வெளியேற்றியபோது, தானும் எழுந்து அவனோடு நடந்தார். நானும் பாவிதான் என்பது மட்டுமே அவர் சொன்னது. ஆராதனை நேரத்தில் தூங்கி விழுகிறவர்களைத் தட்டி எழுப்பலாமா என்று சிலர் பொய்மேன் என்பவரிடம் கேட்டார்கள். நானாக இருந்தால் அவன் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன் என்று பதில் வந்தது. வேதவாசிப்பின்போது தலையாட்டித் தூங்குகிற என் போன்றவர்களுக்கு இவர்தான் பாதுகாவலர்.

மனிதர் தீர்ப்பிடாமலிருப்பது ஒரு பக்கம். கடவுளும் தீர்க்கவில்லை என்றால்? யோனா தீர்க்கதரிசியின் புத்தகம் அந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது. மீன் விழுங்கிய கதையாகவே நாம் அதை ஞாயிறுபள்ளியில் கற்றுக்கொள்கிறோம். அதனால் கதையின் மையம் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. நினிவே அசீரியரின் மாநகரம். இஸ்ரவேலின் வடநாட்டை அழித்த பேரரசு அவர்களுடையது. அங்கே போய்ப் பிரசங்கம் செய் என்றதும் யோனா எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பலேறுகிறான். ஏன் ஓடினான் என்பதை முதல் அதிகாரம் சொல்வதில்லை. கடைசி அதிகாரத்தில் அவனே ஜெபத்தில் சொல்கிறான். நகரம் மனந்திரும்பிவிட்டது, மாடுகள்கூடத் துக்க உடையான இரட்டு உடுத்துக்கொண்டன, அழிவு வரவில்லை. யோனாவுக்குக் கடுங்கோபம். "நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர்... என்று அறிவேன்" என்று கத்துகிறான்.

சீனாய் மலையில் கடவுள் தம்மைப் பற்றி மோசேயிடம் அறிவித்த வார்த்தைகள் இவை. யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் வருகின்றன. சங்கீதங்கள் திரும்பத் திரும்பப் பாடுகின்றன. அந்தத் துதியை அப்படியே எடுத்துக் குற்றச்சாட்டாகத் திருப்பி எறிகிறான் யோனா. இன்னொன்றும் உண்டு. அதே யாத்திராகமப் பகுதி, குற்றவாளியைக் கடவுள் தண்டியாமல் விடமாட்டார் என்றும் சொல்கிறது. யோனாவிலிருந்து சில ஏடுகள் தள்ளி, நாகூம் என்ற சிறு புத்தகம் நினிவேயின் அழிவைப் பாடும்போது பிடித்துக்கொள்வது அந்தப் பாதியை. நகரம் ஒன்று, வாக்கியமும் ஒன்று, ஆளுக்கொரு பாதி. கி.மு. 612இல் நினிவே விழுந்தது என்பதும் வரலாறு. இரண்டு புத்தகங்களையும் ஒரே தொகுப்பில் வைத்தவர்கள் எதையும் வெட்டி ஒட்டி ஒத்துப்போக வைக்கவில்லை.

யோனாவின் கதை கேள்வியோடு முடிகிறது. ஓர் இரவில் முளைத்து ஓர் இரவில் வாடிய ஆமணக்குச் செடிக்காக நீ பரிதபிக்கிறாயே, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்கிறார் கடவுள். யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. கெட்ட குமாரன் உவமையிலும், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் வைத்த விருந்தால் கோபித்துக்கொண்ட மூத்த மகன் வீட்டுக்கு வெளியே நிற்கும்போதே கதை நின்றுவிடுகிறது. அவன் உள்ளே போனானா தெரியாது. திராட்சத்தோட்டத்தில் காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள், கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் அதே கூலி என்றதும் முறுமுறுக்கிறார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இரக்கம் யாரைக் காயப்படுத்தியதோ அவர்கள் எல்லாரும் ஒழுங்காக ஜெபித்தவர்கள், வேலைக்கு நேரத்தோடு வந்தவர்கள். கதைகள் அவர்களைப் பார்த்தே பேசுகின்றன.

நினிவேக்கு ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு ஆயர் வந்தார். பழைய நகரம் மண்மேடு. டைகிரிஸின் எதிர்க்கரையில் மோசூல் வளர்ந்துகொண்டிருந்தது. 7ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் கத்தார் பகுதியிலிருந்து வந்த ஈசாக்கு என்ற துறவியைக் கீழைச் சபை நினிவேயின் ஆயராக்கியது. ஐந்தே மாதத்தில் பதவியைத் துறந்து மலைக்குப் போய்விட்டார். காரணமாகப் பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் அவரிடம் வழக்குக்கு வந்தார்களாம். ஒரு நாள் தவணையாவது கொடு, சுவிசேஷம் சொல்கிறதே என்றாராம் ஈசாக்கு. சுவிசேஷத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையும் என்றானாம் கடன் கொடுத்தவன். அப்படியானால் எனக்கு இங்கே என்ன வேலை என்று எழுந்து போனாராம். நடந்ததோ இல்லையோ, கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று வாராவாரம் ஒப்பிக்கிற நமக்கு அந்தக் கடன் கொடுத்தவனைத் தெரியும். மத்தேயு 18இல் வருகிற அவன் முன்னோடி பதினாயிரம் தாலந்து தள்ளுபடி பெற்றவன். ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் வெள்ளிப்பணம், நாட்கூலி ஒரு பணம் என்று கணக்குப் போட்டால், ஆறு கோடி நாள் உழைப்பு. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுக்கும் மேல். வெளியே வந்ததும் அவன் நூறு பணத்துக்காக ஒருவன் தொண்டையைப் பிடிக்கிறான்.

ஈசாக்கு எழுதியவை சுரியானி மொழியில் உள்ளன. மனித குலத்தின் பாவம் அத்தனையும் கடவுளின் இரக்கத்துக்கு முன்னால் பெருங்கடலில் எறிந்த ஒரு பிடி மணல் என்றார். கடவுளை நீதியுள்ளவர் என்று அழைக்காதே, உன் விஷயத்தில் அவருடைய நீதி தெரியவில்லையே என்று ஒரு போடு போட்டுவிட்டு, திராட்சத்தோட்டக் கூலியையும் கெட்ட குமாரனையும் சாட்சிக்கு அழைத்தார். இரக்கமுள்ள இருதயம் எது என்ற கேள்விக்கு, மனிதர், பறவைகள், மிருகங்கள், ஊர்வன, பிசாசுகள் வரை எல்லாவற்றுக்காகவும் பற்றி எரிகிற இருதயம், சத்தியத்தின் பகைவர்களுக்காகவும் கண்ணீரோடு ஜெபிக்கிற இருதயம் என்று விடை தந்தார். அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேயின் ஆயருக்குப் பொருத்தமான விடை.

அவரை மற்றச் சபைகள் படித்த விதம் தனிக்கதை. 'நெஸ்தோரியர்' என்று பிறரால் ஒதுக்கப்பட்ட சபையைச் சேர்ந்தவர் அவர். பாலஸ்தீனத்தின் மார் சாபா மடத்துத் துறவிகள் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அவரைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது, அவர் மேற்கோள் காட்டிய, தங்கள் சபைக்கு ஆகாத சில ஆசிரியர்களின் பெயர்களை மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றினாலும் படிப்பதை விடவில்லை. தொலைந்ததாகக் கருதப்பட்ட அவருடைய இரண்டாம் தொகுதியை 1983இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் சுரியானி அறிஞர் செபாஸ்டியன் பிராக் அடையாளம் கண்டார். நரகத்துக்கும் ஒரு முடிவு உண்டு, தண்டனைக்காகவே தண்டனை கடவுளுக்கு அழகல்ல என்று ஈசாக்கு வாதிடும் அதிகாரங்கள் அதில் இருந்தன. 553இன் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தை ஒட்டி, 3ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகனின் பெயரால் கண்டனம் செய்யப்பட்ட கருத்துகளுக்கு இது பக்கத்து வீடு. வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் அதற்கு முன்பே, எல்லாரும் தப்புவார்கள் என்ற இளகிய மனக்காரர்களுக்கு விரிவாகப் பதில் எழுதி வைத்திருந்தார். பெரும்பான்மைச் சபைகள் அவர் பக்கமே நின்றன. ஆனாலும் 2024 நவம்பரில் போப் பிரான்சிஸ், நினிவேயின் ஈசாக்கை ரோமப் புனிதர் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார்.

இரக்கத்தின் அகலம் பிரதி எடுத்தவர்களின் கையிலேயே நடுங்கியிருக்கிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை, யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. அது பிற்பாடு சேர்ந்தது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அகுஸ்தீனின் ஊகம் வேறு: தங்கள் மனைவிமாருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று அஞ்சிய சில ஆண்கள் அதை நீக்கிவிட்டார்கள் என்று எழுதினார். அவர் சொன்னது தவறாகவே இருக்கட்டும். தன் காலத்து ஆண்களை அவர் அறிந்திருந்தார். சிலுவையில் இயேசு சொன்ன "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற ஜெபமும் சில முக்கியமான பழைய படிகளில் காணப்படவில்லை. வத்திக்கான் சுவடி அவற்றில் ஒன்று. பிற்சேர்க்கை என்கிறார்கள் சிலர். யூதர்களை மன்னிக்கச் சொல்லும் ஜெபத்தைச் சகிக்காத கைகள் விட்டுவிட்டன என்கிறார்கள் வேறு சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை.

அந்தச் சகிப்பின்மை வழிபாட்டிலேயே ஏறி உட்கார்ந்தது. ரோமச் சபையின் பெரிய வெள்ளி மன்றாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் 'முழந்தாளிடுவோம்' என்ற அழைப்பு உண்டு. யூதர்களுக்கான மன்றாட்டில் மட்டும் பல நூற்றாண்டுகள் முழந்தாளிடவில்லை. இயேசுவைப் பரிகசித்து யூதர்கள் முழங்காலிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். சுவிசேஷத்தைத் திறந்து பார்த்தால் அப்படிச் செய்தவர்கள் ரோமப் போர்ச்சேவகர்கள். 1955இல் முழந்தாளிடுதல் திரும்ப வந்தது. 1959இல் போப் 23ஆம் யோவான் யூதர்களுக்கு முன்னால் ஒட்டியிருந்த, நம்பிக்கையற்ற, துரோகமான என்றெல்லாம் பொருள்படும் அடைமொழியை எடுத்தார். 1970இல் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. அடைமொழிகளோடு சொல்லப்படும் ஜெபக்குறிப்புகள் வீட்டுக் கூடங்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

கீழைச் சபைகளில் தவக்காலத்துக்கு மூன்று வாரம் முன்பு வரும் மூன்று நாள் நோன்புக்கு நினிவேக்காரரின் நோன்பு என்று பெயர். எதிரி நகரம் கிடந்த பட்டினியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். கேரளத்தின் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் அதுவே 'மூன்று நோம்பு'. கோட்டயம் மாவட்டத்துக் குறவிலங்காடு மர்த் மரியம் கோயிலில் நடுநாளான செவ்வாயன்று மரக்கப்பல் ஒன்றைத் தோளில் ஏற்றி ஊர்வலம் வருவார்கள். கடப்பூர்க்காரர்களுக்கு அதைச் சுமக்கும் உரிமை. புயலில் சிக்கியதுபோல் கூட்டத்தின் தலைக்கு மேல் கப்பல் முன்னும் பின்னும் எழுந்து சாயும். கீழே நிற்பவர்கள் நினிவேக்காரரின் நோன்பில் இருக்கிறவர்கள். நினிவேக்குப் போக மாட்டேன் என்று கூலி கொடுத்து, தர்ஷீசுக்கு யோனா ஏறிய கப்பல் அது.